பெரியம்மா நிறுத்திய முட்டையும் மூளையில் கட்டி தட்டும் புரதமும்

பெரியப்பாவுக்கு நடுக்கவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், என்று உறுதியாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. போன தீபாவளிக்குச் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆள் இளைத்துப்போயிருந்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஓடியது. சாப்பிட உட்கார்ந்தபோது காரணம் தெரிந்தது. எங்கள் தட்டுகளுக்கு மீன் குழம்பும் முட்டைப் பொரியலும் வந்தன. அவர் தட்டில் சோறு, ரசம், கோஸ் பொரியல், அவ்வளவுதான்.

"முட்டை, மீன், பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டேன் தம்பி. மூளையில புரதம் படியுறதாலதானே இந்த வியாதி? டாக்டரும் மாத்திரையோட புரதம் சேர்க்காதீங்கன்னுதான் சொன்னாரு" என்றார் பெரியம்மா.

அவர் சொன்ன இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒட்டவைத்து எடுத்த முடிவுதான் தப்பு. நான் மருத்துவன் இல்லை. உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன். அன்று சோபாவில் உட்கார்ந்து அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

தட்டில் இருக்கும் புரதமும் மூளையில் படியும் புரதமும் பெயரளவில்தான் ஒன்று. மீனைத் தின்றால் மீனின் புரதம் அப்படியே தலைக்கு ஏறிவிடாது. இரைப்பையும் குடலும் அதை அமினோ அமிலங்களாக உடைத்து உதிர்த்துவிடும். அந்த உதிரிகளை எடுத்து ஒவ்வோர் உயிரணுவும் தன் மரபணு சொல்கிறபடி தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்கான மரபணுக்கள் மனித உடலில் ஏறக்குறைய 20,000. மூளையில் படிகிறவை அப்படி உள்ளேயே தயாரானவை. பெரியப்பா பத்து ஆண்டு ரசம் சோறு மட்டும் சாப்பிட்டாலும் அவற்றின் உற்பத்தி நிற்காது. ஏனென்றால் அவை விஷமோ வெளியாளோ இல்லை. மூளைக்கு அன்றாடம் வேண்டிய சாமான்கள், மடிப்புக் கெட்டுப்போனவை.

மடிப்புக் கெட்டால்

புரதம் முதலில் ஒரு நீளச் சரமாகத்தான் உருவாகிறது. அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகை மணிகளைக் கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளலாம். சரமாக இருக்கும்வரை அதனால் பெரிதாக ஒரு வேலையும் நடக்காது. அது சுருண்டு, வளைந்து, தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். சில மணிகளுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் மாதிரி. அவை உள்ளே ஒளிந்துகொள்ள, தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளியே நிற்க, சரம் தானாகவே மடிகிறது. எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் சரத்தின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காகத்தான் கிறிஸ்டியன் அன்ஃபின்சனுக்கு 1972இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால், ஆய்வுக்கூடக் குடுவையில் நடப்பது வேறு, உயிரணுவுக்குள் இருக்கும் நெரிசல் வேறு. காலை எட்டரை மணிக்குப் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு புடவை மடிப்பதைப் போன்ற காரியம் அது. அதனால்தான் மடிப்புக்கு உதவவே தனியாகத் துணைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றையும் மீறிச் சில சரங்கள் தப்பாக மடியும். ஒளிந்திருக்க வேண்டிய எண்ணெய்ப் பகுதி வெளியே தெரியும். அப்படித் தெரிகிற இடத்தில் இன்னொரு கெட்ட சரம் வந்து ஒட்டும், அதன்மேல் இன்னொன்று. ரவையை வெந்நீரில் கிளறாமல் கொட்டினால் கட்டி தட்டுமே, அதேபோல. ஒரு வித்தியாசம்: ரவைக் கட்டிக்கு ஒழுங்கு கிடையாது. இங்கே சரங்கள் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிக ஒழுங்கான நாராக வளர்கின்றன. அந்த நாருக்கு அமிலாய்டு என்று பெயர். பெயரே ஒரு தவறிலிருந்து வந்தது. 1854இல் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் மூளைத் திசுவில் அயோடின் போட்டுப் பார்த்தார். மாவுச்சத்துபோல நிறம் மாறியது. ஆகவே மாவுச்சத்தை ஒத்தது என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார். சில ஆண்டுகளிலேயே இத்தகைய படிவுகள் புரதம் என்று தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தப்பாக மடிவது நம் எல்லாருக்கும் தினமும் நடக்கிறது. கேள்வி, குப்பை அள்ளப்படுகிறதா என்பதுதான்.

பெரியம்மாவுக்கு இந்த இடத்தில் நான் சொன்ன உதாரணம் அவர் வீட்டுச் சமையலறை. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே குப்பை போடும் வாய் இருக்கும். திறந்து பையைத் தள்ளினால் கீழே போய்விடும். பழைய கட்டிலோ மெத்தையோ அதில் போகாது. அதற்கு நகர மன்றத்துக்குச் சொல்லி ஆள் வர வேண்டும். உயிரணுவிலும் இதே இரண்டு ஏற்பாடுகள். ஒன்று புரோட்டியசோம்: குறுகலான பீப்பாய். 'இது கழிவு' என்று யுபிகுவிட்டின் முத்திரை குத்தப்பட்ட புரதத்தைச் சரமாகப் பிரித்து உள்ளே இழுத்து நறுக்கிவிடும். இதை விளக்கிய மூவருக்கு 2004இல் நோபெல். இன்னொன்று தன்னுண்ணல். பெரிய கட்டிகளையும் உயிரணுவின் பழுதான நுண்ணுறுப்புகளையும் ஒரு பைக்குள் சுற்றிக் கரைக்கும் ஏற்பாடு. அதற்கு ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபெல்.

யாராவது மெத்தையை மடக்கி அந்தக் குப்பை வாயில் திணித்துவிட்டால்? திணித்தவர் வீடு மட்டும் நாறாது. மேலே உள்ள அத்தனை மாடிகளுக்கும் அடைப்பு. நாராக இறுகிய புரதமும் இப்படித்தான். பீப்பாய்க்குள் அது நுழையாது. நுழைய முயன்று வாயை அடைக்கும். அதன்பின் சாதாரணக் கழிவும் தேங்குகிறது. தேங்கியதில் இன்னும் பல தப்பாக மடிகின்றன. வயதாக ஆகத் துணைப் புரதங்களும் இந்த இரண்டு ஏற்பாடுகளும் தளர்வதால், இந்தச் சுழல் முதுமையில் வேகம் பிடிக்கிறது.

ஏன் குறிப்பாக மூளை? தோலில் பழைய உயிரணு உதிர்ந்து புதியது வந்துவிடும், குப்பையும் அதோடு போகும். நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை. எண்பது வயதுக்காரரின் நரம்பணுவுக்கும் வயது எண்பது. அதோடு அதன் வால் மிக நீளம். முதுகுத்தண்டிலிருந்து கால்வரை ஒரே அணுவின் வால் ஒரு மீட்டர்வரை ஓடும். அத்தனை தூரத்துக்குச் சாமான் ஏற்றிப்போய்க் கழிவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வழியில் ஓர் அடைப்பு போதும்.

அகஸ்டே, அகஸ்டே, அகஸ்டே

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பெயரைக் கேட்டார். "அகஸ்டே." குடும்பப் பெயர்? "அகஸ்டே." கணவர் பெயர்? "அகஸ்டே என்று நினைக்கிறேன்." இந்த உரையாடலை அவர் எழுதி வைத்த கோப்பு பல காலம் காணாமல் போய் 1995இல் அதே நகரில் கிடைத்தது.

அகஸ்டே 1906 ஏப்ரலில் இறந்தார். அல்சைமர் அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. நரம்பணுக்களுக்கு வெளியே ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் படிவுகள். நரம்பணுக்களுக்கு உள்ளே, வாராத தலைமுடிபோலச் சிக்கு. அந்த நவம்பரில் டூபிங்கன் நகர மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். அரங்கில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பின்னால் அந்த மறதி நோய்க்கே அவர் பெயர் வந்தது.

படிவு எதனால் ஆனது என்று தெரிய 1984 ஆயிற்று. ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வோங்கும் பிரித்தெடுத்த அந்தத் துண்டு இன்று பீட்டா அமிலாய்டு எனப்படுகிறது. வெறும் 40 முதல் 42 மணிகள் கொண்ட குட்டிச் சரம். நரம்பணுவின் சவ்வில் குத்தி நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் இரண்டு இடத்தில் வெட்டும்போது விழும் துணுக்கு அது. 40 மணித் துணுக்கு அவ்வளவாக ஒட்டாது. 42 மணித் துணுக்குக்கு ஒட்டும் குணம் அதிகம். இரண்டு மணி கூடுதலால் இத்தனை வம்பு.

அந்தத் தாய்ப் புரதத்தின் மரபணு இருப்பது 21ஆம் குரோமோசோமில். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று பிரதிகள். நாற்பது வயதுக்குள் அவர்கள் மூளையில் அனேகமாக இந்தப் படிவுகள் வந்துவிடுகின்றன. மறுபக்கம் ஐஸ்லாந்தில் 2012இல் கண்டறிந்த ஓர் அபூர்வ மரபணு மாற்றம், வெட்டு விழுவதைக் குறைத்து, அதை உடையவர்களை அல்சைமரிலிருந்து காக்கிறது. பீட்டா அமிலாய்டு கூடினால் நோய், குறைந்தால் பாதுகாப்பு. இந்த இரண்டு சான்றும் எனக்கு எந்த எலிப் பரிசோதனையைவிடவும் வலுவானவை. 2006இல் 'நேச்சர்' இதழில் வந்த பிரபலமான எலி ஆய்வுக் கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அப்போது அமிலாய்டு கதையே பொய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று ஓடியது. அது பீட்டா அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட திரள் பற்றிய கட்டுரை. ஐஸ்லாந்துச் சான்றுக்கும் குரோமோசோம் சான்றுக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

37, புக்கிட் தீமா சாலை

அல்சைமர் பார்த்த அந்தச் சிக்கு டௌ என்ற புரதம். அது ஒழுங்காக இருக்கும்போது நரம்பணுவின் நீளமான வாலுக்குள் ஓடும் நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டை என்று சொல்லலாம். அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறும்போது தண்டவாளத்தை விட்டுக் கழன்று, தமக்குள் முறுக்கிக்கொள்கிறது. தண்டவாளம் தளர்கிறது. சரக்கு நிற்கிறது. தூரத்து இணைப்புகள் பட்டினியில் வாடுகின்றன.

படிவு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, டௌ சிக்கு எங்கே எத்தனை பரவியிருக்கிறது என்பதே நோயாளியின் நிலைமையோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. அந்தச் சிக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று என் மாமனாரின் சோதனையில் கண்ணால் பார்த்தேன்.

இங்கே பலதுறை மருந்தகங்களில் மறதியைச் சோதிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட எளிய தேர்வு உண்டு. என்ன வருஷம், மணி என்ன இருக்கும், உங்கள் வயது, பிரதமர் யார் என்று போகும். ஆரம்பத்தில் ஒரு முகவரியைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் முகவரி '37, புக்கிட் தீமா சாலை'. கடைசியில் அதைத் திருப்பிக் கேட்பார்கள். மாமனார் இருபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாகத் தடங்கலின்றி எண்ணினார். முகவரி கேட்டதும் தாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகவரியா? யாரும்மா சொன்னது?" என்றார். தாதி மெதுவாக "புக்கிட் தீமா..." என்று எடுத்துக்கொடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடல் 1999இல் கிராஞ்சிக்கு மாறுவதற்கு முன்பு இளவயதில் அங்கே குதிரை பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு செம்பட்டைக் குதிரையின் பெயர், அது எந்தக் காலைத் தூக்கி உதைக்கும், எந்தச் சனிக்கிழமை ஜெயித்தது என்று கால் மணி நேரம் சொன்னார். மூன்று நிமிடத்துக்கு முன்பு கேட்ட முகவரி மட்டும் இல்லை.

புதிய நினைவைப் பதியும் இடம் காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அல்சைமரில் டௌ சிக்கு முதலில் விழுவது அந்த இடத்தின் வாசலில்தான். ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற ஜெர்மானிய இணையர் 1991இல் 83 மூளைகளை வரிசைப்படுத்தி இதைக் காட்டினார்கள். வாசலில் தொடங்கி, கடற்குதிரை வடிவ ஹிப்போகாம்பசுக்குப் போய், பிறகு மேற்பரப்பெங்கும். பழைய குதிரை பத்திரமாக இருந்தது, கடற்குதிரைதான் முடங்கியது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று இதே வீட்டு நிலைமை உள்ளவர்களுக்குத் தெரியும்.

உறை ஊற்றிய பால்

பெரியப்பாவின் நோயில் புரதம் வேறு. ஆல்ஃபா சைனுக்ளீன், 140 மணிகள் கொண்ட சரம். நரம்பணுவின் நுனியில் சமிக்ஞைப் பைகள் இருக்கும் இடத்தில் வேலை பார்ப்பது. அது நரம்பணுவுக்குள் உருண்டு திரண்டால் அந்த உருண்டைக்கு லூயி உடல் என்று பெயர். ஃபிரெடெரிக் லூயி 1912இல் வர்ணித்தார். அது எதனால் ஆனது என்று 1997இல்தான் தெரிந்தது. அதே ஆண்டு, தெற்கு இத்தாலியின் கொன்டுர்சி கிராமத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த பார்க்கின்சனுக்கு இதே புரதத்தின் மரபணுவில் ஒரேயொரு எழுத்துப் பிழை காரணம் என்றும் தெரிந்தது. கை கால் தானாக ஆடும் பரம்பரை நோயான ஹண்டிங்டனுக்கு இன்னொரு புரதம். தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோயில் பெரும்பாலோருக்கு டிடிபி-43 என்று ஒன்று, 2006இல் கண்டறியப்பட்டது. ஆள் வேறு, ஊர் வேறு, குற்றம் செய்யும் விதம் மட்டும் ஒன்றேபோல.

இந்தக் கெட்ட மடிப்பு மூளைக்குள் எப்படிப் பரவுகிறது? ஒரு சட்டிப் பாலில் ஒரு கரண்டித் தயிரை விட்டால் காலைக்குள் சட்டி முழுக்கத் தயிர். கெட்டு மடிந்த ஒரு புரதமும் அப்படித்தான், பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தைத் தன் வடிவுக்கு இழுக்கிறது. ஒரு நரம்பணுவிலிருந்து கசிந்து அடுத்ததில் ஏறி அங்கேயும் உறை ஊற்றுகிறது. தயிரிலாவது உயிருள்ள நுண்கிருமி இருக்கிறது. இங்கே கிருமியும் இல்லை, மரபணுவும் இல்லை, வெறும் வடிவம்தான் பரவுகிறது. ஸ்டான்லி புருசினர் 1982இல் இதை முன்வைத்து 'பிரையான்' என்று பெயரிட்டபோது பலர் ஏளனம் செய்தார்கள். 1997இல் அவருக்கு நோபெல் கிடைத்தது.

பார்க்கின்சனில் இதற்குக் கிடைத்த சான்றை முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1990களில் சில நோயாளிகளின் மூளையில் கரு நிலையிலிருந்த இளம் நரம்பணுக்களைப் பதித்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவர்கள் இறந்த பிறகு பார்த்தால், அந்த இளம் அணுக்களிலும் லூயி உடல்கள். நோயே இல்லாத இளசுகளுக்குச் சுற்றியிருந்த கிழட்டு மூளையிலிருந்து உறை விழுந்திருக்கிறது என்பதே அதற்கு எளிய விளக்கம். 2008இல் வெளியான செய்தி இது.

பயந்துவிட வேண்டாம். பார்க்கின்சனோ அல்சைமரோ தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளாது. பரவல் அந்த ஒரு தலைக்குள்தான்.

ஹைக்கோ பிராக்கும் கூட்டாளிகளும் 2003இல் இன்னொரு வரைபடம் போட்டார்கள். பார்க்கின்சனில் சைனுக்ளீன் பலருக்கு முகர்வு நரம்பிலும் குடலோடு தொடர்புள்ள மூளைத்தண்டுப் பகுதியிலும் முதலில் தெரிகிறது, கை நடுங்கச் செய்யும் இடத்துக்கு வருவது பிறகுதான் என்றார்கள். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துவதில்லை. இதை நான் சொன்னதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து வருஷமா மல்லியப்பூ வாசம் தெரியலன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. தேக்காவுல வாங்கிட்டு வந்து மூக்குக்கிட்ட காட்டுவேன். பூ பழசுன்னு சண்டை போடுவாரு" என்றார். தூக்கத்தில் பெரியப்பா கை காலை வீசிப் பெரியம்மாவை இரண்டு முறை கட்டிலிலிருந்து தள்ளியதும் அப்போதுதான். முகர்வு மங்குவது, நாள்பட்ட மலச்சிக்கல், கனவுக்கேற்ப உடம்பு ஆடுவது, இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே வரக்கூடிய அறிகுறிகள். நடுக்கம் வெளியே தெரியும்போது, அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் நரம்பணுக்களில் பாதியளவு ஏற்கெனவே போயிருக்கும்.

கட்டியா, கட்டிக்கு முந்தியதா?

நுண்ணோக்கியில் பெரிதாகத் தெரிவதால் பெரிய கட்டிதான் கொலையாளி என்று நெடுங்காலம் நம்பினோம். இப்போது சந்தேகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நாராக இறுகுவதற்கு முன்பு சில சரங்கள் மட்டும் சேர்ந்த சின்னத் திரள்கள் இருக்கின்றன. அவை ஓடியாடித் திரிபவை. நரம்பணு இணைப்புகளில் போய் ஒட்டுவது, சவ்வில் ஓட்டை போடுவது, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பது போன்ற சேட்டைகள் அவற்றுடையவை. பெரிய கட்டி, ஒருவேளை, அணு இந்தப் பொறுக்கிகளை ஓரிடத்தில் பூட்டி வைக்கும் லாக்கப்பாகக்கூட இருக்கலாம். ஹண்டிங்டன் ஆய்வுகளில் உருண்டை உண்டான அணு, உண்டாகாத அணுவைவிட அதிக நாள் தாக்குப்பிடித்ததைக் கண்டிருக்கிறார்கள்.

சண்டையில் மூன்றாவது ஆளும் இருக்கிறார். மூளையின் துப்புரவு அணுக்களான மைக்ரோக்ளியா. படிவைச் சுற்றி வளைத்து முதலில் நல்ல காரியம்தான் செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் அதே வேலையாக இருக்கும்போது அழற்சி நிலைத்துவிடுகிறது. பிறகு குப்பையோடு சேர்த்து நல்ல இணைப்புகளையும் மெல்லத் தொடங்குகின்றன.

அதனால்தான் குப்பையை அள்ளிவிட்டால் நோய் போய்விடும் என்ற கணக்கு இத்தனை முறை பொய்த்தது. பீட்டா அமிலாய்டை வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. உற்பத்தி குறைந்தது, நோயாளிகளின் அறிவுத்திறன் மேலும் மோசமானது, சோதனைகள் நிறுத்தப்பட்டன. அந்த நொதிக்கு வேறு நூறு வேலைகள் உண்டே. பிறகு எதிர்ப்பொருள் மருந்துகள். அவற்றில் ஒன்றான லெக்கனெமாப்பின் சோதனையில் ஆரம்பநிலை நோயாளிகள் 1,795 பேர், 18 மாதம். மருந்து படிவை நன்றாகவே துடைத்தது. சரிவு, போலி மருந்து கொடுக்கப்பட்டவர்களைவிட 27 விழுக்காடு மெதுவாக நடந்தது. 27 என்றால் பெரிதாகத் தெரியும். 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, பலருக்கு அறிகுறி இல்லாமலே. என் கருத்து: இது முதன்முறையாகக் கதவு திறந்ததற்கான அடையாளம், வீட்டுக்குள் போய்விட்டோம் என்பதற்கு அல்ல. படிவு தொடங்குவது மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டு முன்பு. மெத்தையை இப்போது வெளியே இழுத்தாலும் இத்தனை காலம் அரித்த குழாய் அப்படியேதான் இருக்கும். டௌ புரதத்தின் ஒரு வகையை ரத்தத்திலேயே அளக்கும் சோதனைகள் இப்போது வந்துவிட்டதால், முந்திக்கொள்ள வாய்ப்பு கூடியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வயதானவர்களின் மூளையைத் திறந்து பார்த்தால் ஒரே புரதம் மட்டும் இருப்பது அரிது. அமிலாய்டு, டௌ, டிடிபி-43, கூடவே அடைத்த சிறு ரத்தக்குழாய்கள், எல்லாம் கலந்த அவியல்தான். சிங்கப்பூரில் இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களைவிட அதிகம். நீரிழிவு ரத்தக்குழாயை அரிக்கும் என்பது தெரிந்தது. தெரியாத ஒன்று: இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்திலேயே அமிலின் என்ற புரதம் இதே மாதிரி அமிலாய்டு நாராகப் படிகிறது. மூளையில் நடக்கும் கதையின் இன்னொரு பதிப்பு, வயிற்றில். இன்சுலினை உடைக்கும் நொதியே பீட்டா அமிலாய்டையும் உடைக்கிறது என்பதும் கூடுதல் செய்தி. எனவே 'மூளை நோய்க்கு மூளைக்கு மட்டும் பார்த்தால் போதும்' என்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விட்டுவிடுவது பிழை. மனநலக் கழகத்தின் ஆய்வுகளின்படி இங்கே 60 வயதைத் தாண்டியவர்களிடையே முதுமை மறதி நோய் 2013இல் 10 விழுக்காடாக இருந்து 2023இல் 8.8 ஆகக் குறைந்திருக்கிறது. மக்கள் தொகை மூப்படைவதால் நோயாளிகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை; ஆனால் விகிதம் இறங்கக்கூடியது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய மூளைகளில் நடந்தவை. 2019இல் இங்கே மூளை வங்கி தொடங்கினார்கள், இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தர விரும்புகிறவர்களுக்காக. கண் தானம் என்றால் கையெழுத்துப் போடும் நம் ஆட்கள் மூளை என்றதும் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். தகனத்துக்கு முன்பு தலையில் கை வைப்பதா என்ற தயக்கம் எனக்கும் புரியாததல்ல. படிவத்தை நானே இன்னும் நிரப்பவில்லை.

சரி, பெரியம்மாவின் முட்டைக்கு வருவோம். மருத்துவர் சொன்னது லெவோடோபா மாத்திரையைப் பற்றி. அது டோபமைனாக மாறும் மூலப்பொருள், உருவத்தில் ஓர் அமினோ அமிலம். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது ஏறும் வண்டியும், முட்டை மீனிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் ஏறும் வண்டியும் ஒன்று. ஒரே நேரத்தில் வந்தால் நெரிசலில் மாத்திரை பின்தங்கிவிடும். அன்று காலை கை சரியாக வேலை செய்யாது. அதற்காகத்தான் இடைவெளி. புரதமே வேண்டாம் என்றால் தசை கரையும், விழுந்தால் எலும்பு நொறுங்கும்.

அடுத்த முறை மருந்தகத்துக்கு நானும் போனேன். உணவு ஆலோசகர் பெரியம்மாவிடம் ஒரு தாளில் நேரம் போட்டுக்கொடுத்தார். பெரியம்மா அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் முருகன் படக் காந்தத்தால் ஒட்டியிருக்கிறார். காலை ஏழுக்கு மாத்திரை, ஏழே முக்காலுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். பருப்பு மதியம் கொஞ்சம். மீனும் முட்டையும் ராத்திரிச் சாப்பாட்டில். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, கடிகாரப் பட்டையில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருப்பதாகப் பெரியப்பா சொன்னார்.